ஏழாம் நம்பர் கோட்டு

சோளக்காட்டுப்பாளையம் தீயணைப்பு நிலையத்தில் மூக்கு வந்த நாளிலிருந்து ஒரு வீரருக்கும் புற்றுநோய் முற்றியதில்லை என்று மேலிடத்து அறிக்கை சொல்கிறது. சரியாகத்தான் சொல்கிறது. அந்த நிலையத்தில் இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவன் நான். அந்தச் சரி எப்படித் தயாரானது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றாகிவிட்டது, இனி என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

மூக்கு என்பது ஓர் இரும்பு அலமாரி. அரசாணையில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. அது யார் வாயிலும் நுழையாததால் மூக்கு என்றே ஆகிவிட்டது. எங்கள் ஆட்களின் தீக்கோட்டு ஒவ்வொன்றிலும் கழுத்துப் பட்டைக்குள் விரல் அகலத்தில் ஒரு நாடாவைத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். கோட்டைப் போட்டிருப்பவரின் வியர்வையை அந்த நாடா நாள்வாரியாகக் குடித்து வைத்துக்கொள்ளும். துவைத்தாலும் போகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோட்டுகளை அலமாரிக்குள் மாட்டிக் கதவைச் சாத்தினால் மூக்கு அவற்றை மோந்து பார்த்துவிட்டு விளக்குப் போடும். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால் டாக்டர் யாஸ்மினைப் பார்க்க வேண்டும்.

துறைக்காக இந்த வேலையைப் பார்க்கும் அந்த டாக்டரம்மாதான் முதல் நாள் வந்து விளக்கம் சொன்னார்.

“பனியன் கழிவு, சாயம், பிளாஸ்டிக்னு இங்க எரியறது எல்லாமே விஷம். அந்தக் கரி உங்க கோட்டுல ஒட்டிட்டு, தீ அணைஞ்ச பிறகும் தோல் வழியா உள்ள போயிட்டே இருக்கும். அதனால ஒவ்வொரு தீக்கும் அப்புறம் கோட்டைத் துவைச்சே ஆகணும். துவைக்கறது தடுப்பு. மூக்கு பண்றது கண்டுபிடிப்பு. ரெண்டும் இருந்தாத்தான் பலன்.”

சென்னியப்பன் கையைத் தூக்கினான். பதினேழு வருஷமாக எரிகிற கட்டடத்துக்குள் குழாய் முனையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நுழைகிறவன் அவன்.

“துவைச்சா கரி போயிடுங்களே மேடம்.”

“போறதுக்குத்தான் துவைக்கறது.”

அவன் திருப்தியில்லாமல் உட்கார்ந்தான். எங்கள் ஆட்களுக்குக் கரி என்பது தோளில் வைத்த பட்டை மாதிரி. சுத்தமான கோட்டோடு வருகிறவனைப் பக்கத்து நிலையத்துக்காரன் புதுசு என்று நினைத்துக்கொள்வான்.

“சிவப்பு எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டான் ஹக்கீம். பேச்சு எப்போது முடியும் என்று பார்க்கிறவன் அவன்.

“ஸ்கேன்ல தெரியறதுக்கு மூணு வருஷம் ஆகற கட்டியை மூக்கு இப்பவே பிடிச்சிடும். அதைக் கரைக்க ஒரு மருந்து இருக்கு. தினம் ஒரு குப்பி, ஆவியா இழுக்கணும், இருபத்தோரு நாள். ஆனா சிவப்பு எரிஞ்ச நாப்பது நாளுக்குள்ள ஆரம்பிச்சிடணும். தாண்டிட்டா கட்டிக்குச் சொந்தமா ரத்தக்குழாய் முளைச்சிடும். அப்புறம் அந்த மருந்து கேக்காது.”

“கரைஞ்ச பொறகு?”

“நுரையீரல் உள்ள மெலிசாயிடும். வாழ்நாள் முழுக்கப் புகை ஆகாது. தீக்குப் போகக் கூடாது. மத்தபடி எல்லாரையும் போல இருக்கலாம்.”

எல்லாரையும் போல என்றதும் சென்னியப்பன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

துவைப்பதற்கு ஒப்பந்தத்தில் துளசிமணி வந்தாள். நாற்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு, வாய் ஓயாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், தீ முடிந்த மறுநாள் காலையில் வந்து, பின்பக்கக் குழாயடியில் தொட்டி நிறைய வெந்நீரும் மருந்துத் தூளும் போட்டு, ஏழு கோட்டையும் கும்மி எடுப்பாள். அவளுக்கு ரப்பர் ஏப்ரனும் கையுறையும் வேண்டும் என்று நிலைய அலுவலர் ஜெபசிங் மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் ரசீது வந்தது. ஏப்ரன் வரவில்லை.

இனி எங்கள் நிலையத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மணி அடித்தால் கைக்கு எட்டிய கோட்டுதான் உன் கோட்டு. பெயர் பார்க்கக் கூடாது, நம்பர் பார்க்கக் கூடாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒருவன் தன் கோட்டைத் தேடிக்கொண்டு நின்றதில் வண்டி அரை நிமிஷம் தாமதமாகி, ஒரு நூல் கிடங்கின் கூரை எங்கள் கண் முன்னாலேயே விழுந்தது. அன்றைக்கு வந்த வழக்கம். மாவட்டத்திலேயே சீக்கிரம் கிளம்புகிற வண்டி என்று கோப்பைகூட வாங்கியிருக்கிறோம். மூக்கு வந்தபோது, அவரவர் கோட்டை அவரவரே அணிய வேண்டும் என்று ஒரு தாளும் வந்தது. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு நானும் போட்டேன். மறுநாள் மணி அடித்தது. கைக்கு எட்டியதை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். கையெழுத்து வேறு, மணி வேறு என்பதில் எங்களுக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

ஐந்தாவது தடவை மோந்து பார்த்தபோது ஏழாம் நம்பர் கோட்டுக்குச் சிவப்பு எரிந்தது. காகிதத்தில் அது சென்னியப்பனின் கோட்டு.

அன்றே அவனைத் தீயிலிருந்து எடுத்துத் தொலைபேசி மேசையில் உட்கார வைத்தார்கள். ஏழாம் நம்பரை நெகிழிப் பையில் போட்டு மூடி முத்திரை வைத்தார்கள். அவன் மனைவி கோமதிக்குச் செய்தி போனது. அவள் முதலில் அழுதாள். தீக்குப் போகவே கூடாது என்பதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போய் நூற்றியெட்டுத் தேங்காய் உடைத்தாள்.

பத்து நாள் சென்னியப்பன் வாய் திறக்கவில்லை. பதினோராம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஜெபசிங் ஐயா அறைக்குப் போனான்.

“ஐயா, அது என்ற சீக்கு இல்லீங்க.”

“எல்லாரும் முதல்ல அப்படித்தான்பா சொல்லுவாங்க.”

“இல்லீங்கய்யா. அந்தக் கோட்டை நான் போட்டதே ரெண்டு தடவையோ மூணு தடவையோதானுங்க. எனக்கு அது பத்தாது. கக்கத்துல புடிக்கும்.”

பிறகு வழக்கத்தைச் சொன்னான். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா திசையன்விளைக்காரர், எங்கள் நிலையத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் மேசை மேலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

“அப்போ ஏழு பேர்ல யாருக்கோ கட்டி இருக்கு. யாருக்குன்னு தெரியாது. அப்படியா சொல்லுத?”

“அப்படித்தானுங்க.”

“திரும்ப மோந்து பாக்கச் சொல்லுவோமா?”

“தொண்ணூறு நாள் வேர்வை வேணுமுங்களாம். நமக்கு இருக்கறது இருபத்தொம்பது நாளுங்க.”

அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் நடந்த கூத்து மாதிரி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஏழு பேரும் உட்கார்ந்து, மூன்று மாதத்தில் நடந்த முப்பத்தோரு தீயையும் ஒவ்வொன்றாக எடுத்து, யார் எந்தக் கோட்டைப் போட்டிருந்தார்கள் என்று யோசித்தார்கள். அட்டைப்பெட்டிக் கம்பெனித் தீயில் ஏழாம் நம்பரை நீதான் போட்டிருந்தாய் என்று லோகநாதன் ஹக்கீமைச் சொன்னான். ஜிப்பு பாதியில் நிற்கிற கோட்டை நான் ஏன் எடுக்கப்போகிறேன் என்று ஹக்கீம் கேட்டான். ஜிப்பு நிற்கிறது என்பது போட்டவனுக்குத்தானே தெரியும் என்று லோகநாதன் மடக்கினான். இரண்டு பேரும் நான்கு நாள் பேசிக்கொள்ளவில்லை. யாராவது இருமினால் மற்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சோற்றில் மிளகாய் கடித்து இருமியதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தான். எரிகிற கட்டடத்துக்குள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு போகிற ஆட்கள் இவர்கள். எனக்குக் கேவலமாக இருந்தது. வண்டி ஓட்டுகிறவன் பம்பு பக்கத்திலேயே நிற்பான், அவனுக்குக் கோட்டு கிடையாது. அதனால் எனக்கு அசிங்கப்பட வசதி இருந்தது.

சென்னியப்பன் மட்டும் விடவில்லை. முப்பத்திரண்டாம் நாள் டாக்டரம்மாவிடம் போய், மூக்கு எழுதி வைத்திருக்கிற நாள்வாரி விவரத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்தான். நோய் வியர்வை பட்ட நாளெல்லாம் அதில் புள்ளி. மொத்தம் முப்பத்தோரு புள்ளி. நிலையத்தின் தினசரிப் பதிவேட்டைத் திறந்து பக்கத்தில் வைத்து, நானும் அவனும் ஐயாவும் விரல் வைத்துப் பார்த்தோம்.

மூன்றாம் தேதி தீ. நான்காம் தேதி புள்ளி. ஏழாம் தேதி தீ. எட்டாம் தேதி புள்ளி. பதினோராம் தேதி தீ. பன்னிரண்டாம் தேதி புள்ளி. தீ நடந்த நாளில் ஏழாம் நம்பரை யாரோ போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரு புள்ளிகூட இல்லை.

“நம்ம ஆளுக யாருக்கும் இல்லீங்கய்யா” என்றான் சென்னியப்பன். “ஏழு பேருக்குமே இல்லீங்க. நான் நாளைக்கே தீக்குப் போலாமுங்க.”

அந்த நிமிஷம் அவன் பட்ட சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். கோமதிக்குப் போன் போட்டு, நூற்றியெட்டுத் தேங்காயையும் திரும்பக் கேட்டுப் பார் என்றான். ஹக்கீமும் லோகநாதனும் ஒன்றும் நடக்காத மாதிரி ஒரே தம்ளரில் டீ குடித்தார்கள்.

நான் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தேன். முந்தின நாள் ஒரு சாயப்பட்டறைத் தீ. குழாயடியில் துளசிமணி குனிந்து துவைத்துக்கொண்டிருந்தாள். வெந்நீரும் மருந்துத் தண்ணீரும் மேலே தெறிக்காமல் இருக்க ஒரு கோட்டை மாட்டியிருந்தாள். ஏழாம் நம்பர் பைக்குள் போய்விட்டதால் இப்போது மூன்றாம் நம்பர். அது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. ஏழாம் நம்பர்தான் அவள் அளவுக்குச் சரியாக வரும். எல்லாம் துவைத்து முடித்த பிறகு கடைசியாக அதைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போவாள். இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் பல் விளக்கினோம்.

சென்னியப்பன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். மெதுவாகப் பதிவேட்டை மூடினான்.

மறுநாள் ஐயா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தார். விஷயத்தைச் சொன்னார்.

“மருந்துப் பெட்டி வீரர் பேருக்குத்தான் வரும் சார்” என்றார் டாக்டரம்மா. “கோட்டு நம்பரும் வீரர் பேரும் பொருந்தினாத்தான் மேல இருந்து அனுப்புவாங்க. ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்கு வேணும்னா தனி அனுமதி கேட்டு எழுதறேன்.”

“எத்தனை நாள் ஆகும் மேடம்?”

“போன வருஷம் ஒரு நிலையத்துல சமையல்காரருக்காகக் கேட்டேன். எட்டு மாசத்துல பதில் வந்தது.”

“என்ன பதில்?”

“கோட்டு நம்பரைக் குறிப்பிடவும்னு.”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெளிய பெரிய ஆஸ்பத்திரில காட்டினா?”

“ஸ்கேன்ல தெரியற வரைக்கும் அந்தம்மாவுக்கு நோயே இல்லன்னுதான் எழுதுவாங்க. தெரியறப்ப இந்த மருந்தால பிரயோஜனம் இல்ல.” அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “இன்னும் ஏழு நாள் இருக்கு சார். ஏழாம் நம்பர் கோட்டுக்காரர் மருந்து எடுத்துக்கறதா இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள என்னை வந்து பாக்கணும். இந்தப் போன்ல நான் வேற எதையும் கேக்கல.”

போனை வைத்ததும் யாரும் சென்னியப்பனைப் பார்க்கவில்லை. அவன் எழுந்து நின்றான்.

“எங்கிட்ட யாரும் கேக்காதீங்க” என்றான். “சொல்லிப்போட்டேன். ரோட்டுல போறவன் தீயை வேடிக்கை பாக்கலாம். நான் பாக்க மாட்டேன். எனக்கு வேற ஒரு வேலையும் தெரியாதுங்க.”

யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று ஆறு பேரும் முடிவு செய்து, அதைச் சத்தமில்லாமல் அவனுக்குத் தெரியப்படுத்திக்கொண்டே இருந்தார்கள்.

துளசிமணியிடம் சொல்ல வேண்டுமே. ஐயாவும் சென்னியப்பனும் நானும் குழாயடிக்குப் போனோம்.

“ஏனுங்கண்ணா, மூணு பேரும் ஒண்ணா வந்து நிக்கறீங்க” என்றாள் என்னிடம். “கோட்டுல பட்டன் பிஞ்சு போச்சுங்களா?”

ஐயா என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். முழுக்கக் கேட்டாள். அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

“நான் தீக்கே போறதில்லீங்களே அண்ணா.”

“இவங்க கொண்டாற கரியைப் பூராவும் நீதான அம்மிணி கசக்கற. வெந்நீர்ல இருந்து வர்ற ஆவியெல்லாம் உனக்குத்தான போகுது.”

“அந்த மூக்குப் பொட்டியில என்ற பேரு இருக்குதுங்களா?”

“இல்ல.”

“பேரே இல்லாதவளுக்கு எப்படிங்கண்ணா சீக்கு வரும்?”

துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து அழுதாள். போட்டிருந்த கோட்டின் கையால் முகத்தைத் துடைக்கப் போனாள். நான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில் நேற்றைய கரி இருந்தது. என் தோள் துண்டைக் கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கியதைச் சொல்வதில் வெட்கமில்லை.

மருந்து யார் பேருக்கு வரும், அந்தப் பேர்காரனுக்கு என்ன ஆகும் என்பதையும் ஐயா மறைக்காமல் சொன்னார். அவள் சென்னியப்பனை நிமிர்ந்து பார்த்தாள்.

“வேண்டாமுங்க. இந்தத் தம்பி மணிச் சத்தம் கேட்டா செருப்புப் போடக்கூட மறந்து ஓடறவரு. எனக்கோசரம் அவரு ஏன் மூலையில உக்காரோணும்? மூணு வருசம் இருக்குதுல்லீங்க. அதுக்குள்ள சாமி ஒரு வழி காட்டும்.”

சென்னியப்பன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டான்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குப் பழைய துணிக் கிடங்கில் தீ. மணி அடித்தது. அவன் தொலைபேசி மேசையிலிருந்து எழுந்து நான்கு எட்டு ஓடிவந்து, ஐயா முகத்தைப் பார்த்து நின்றான். மூக்கின் விவரத்தை மேலே எழுதித் தடையை நீக்க வேண்டும் என்றால் ஒரு கடிதம் போதும். ஐயா அதைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டு மேசையில் தயாராக வைத்திருந்தார். அனுப்புவதா வேண்டாமா என்று அவனையே சொல்லச் சொல்லியிருந்தார். நாங்கள் கிளம்பிவிட்டோம். பக்கத்துக் கண்ணாடியில் அவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

மதியம் திரும்பி வந்து கோட்டுகளைப் பின்பக்கம் போட்டோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் குழாயடியில் சண்டைச் சத்தம். அன்றைக்கே தண்ணீர் காயவைத்துவிடலாம் என்று வந்த துளசிமணி தொட்டியின் ஒரு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மறு காது சென்னியப்பன் கையில்.

“என்ற வேலையை நீங்க ஏன் புடுங்கறீங்க தம்பி?”

“தள்ளிப் போங்கக்கா. ஆவி அடிக்குது.”

“உங்களுக்குத் துவைக்கத் தெரியாதுங்க. கழுத்துப் பட்டையைக் கையால தேய்க்கோணும்.”

“அங்க நின்னுட்டே சொல்லுங்க. தேய்க்கறேன்.”

அவன் ஆறு கோட்டையும் படுமோசமாகத் துவைத்தான். பாதிக் கரி அப்படியே இருந்தது. கைகளை உதறிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“அண்ணா, வெள்ளிக்கிழமை என்னை டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க.”

“யோசிச்சுட்டியா?”

“யோசிச்சா வேண்டாம்னுதான் தோணுதுங்க. அதான் நிறுத்திப்போட்டேன்.”

ஜெபசிங் ஐயா அந்தக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். வெள்ளிக்கிழமை காலையில் சென்னியப்பன், தீயணைக்கிற நுரைக் கேன்களை நிறுக்கும் தராசில் துளசிமணியை அதட்டி ஏற்றி நிறுத்தினான். முள்ளைப் பார்த்துக்கொண்டான். பிறகு அவனும் நானும் கிளம்பினோம்.

டாக்டரம்மா எதிரில் அதே புள்ளித் தாள் இருந்தது.

“ஏழாம் நம்பர் கோட்டைப் போட்டிருந்தது யாரு?”

“நான்தானுங்க மேடம்.”

“எல்லா நாளுமா?”

“எல்லா நாளுமுங்க.”

“மூணு நாள் முன்னாடி வந்தப்ப, இந்த நாள்ல எல்லாம் நிலையத்துப் பக்கமே வரல, காலையில வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்னு சொன்னீங்க.”

“ஞாபகப் பிசகுங்க.”

“முப்பத்தோரு நாளுமா?”

“எனக்கு ஞாபகம் எப்பவும் மட்டுதானுங்க. வேணும்னா அண்ணனைக் கேளுங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் வண்டிக்காரன். எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துத்தான் வண்டியை நகர்த்துவேன், யார் என்ன போட்டிருந்தார்கள் என்பதற்கு என்னைவிடச் சாட்சி கிடையாது. “ஆமாங்க மேடம், இவன்தான்” என்றேன். என் ஆயுசில் நான் சொன்ன சுத்தமான பொய் அது.

அவர் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். “மருந்து அளவு எடைக்குத் தகுந்த மாதிரி மாறும். கூடிப் போனா ஆபத்து. உங்க எடை என்ன?”

சென்னியப்பன் ஆறடி. வாசல் நிலைக்குக் குனிந்து வருகிற ஆள்.

“நாப்பத்தெட்டுங்க.”

டாக்டரம்மா நிமிரவில்லை. “போன மருத்துவச் சோதனையில எண்பத்து மூணுன்னு இருக்கு.”

“இளைச்சுட்டேனுங்க.”

“ஒரு மாசத்துல முப்பத்தஞ்சு கிலோவா?”

“வெசனமுங்க மேடம்.”

நாற்பத்தெட்டு என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். முத்திரை வைத்தார். தாளை நீட்டினார். “மருந்து எடுக்கற நாள்ல அந்த... உங்களுக்கு, நல்லா சாப்பாடு கொடுக்கச் சொல்லுங்க” என்றார்.

அடுத்த திங்கள் மருந்து வந்தது. கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு ஐயாவின் அறையில் துளசிமணி உட்கார்ந்து மூக்கில் வைத்த குழாய் வழியாக ஆவியை இழுத்தாள். திரு. சென்னியப்பன் என் முன்னிலையில் மருந்து எடுத்துக்கொண்டார் என்று ஐயா கையெழுத்துப் போட்டார். தேவாலயத்துக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போட மாட்டார், திங்கட்கிழமை சேர்த்துப் போடுவார். மருந்து எடுப்பவர் தன் உடம்பில் தெரிகிற மாற்றத்தைத் தினமும் ஒரு படிவத்தில் எழுத வேண்டும். சென்னியப்பன் பேனாவோடு அவள் எதிரில் உட்காருவான்.

“இன்னைக்கு என்ன பண்ணுதுங்கக்கா?”

“நாக்குல வேப்பெண்ணெய் தடவுன மாதிரி கசக்குதுங்க தம்பி.”

எனக்கு நாக்கில் கசப்பு என்று எழுதுவான். எனக்கு இரண்டு முறை வாந்தி. எனக்கு முடி கொட்டுகிறது. அவன் தலையில் முடி காடாகக் கிடந்தது. மூன்றாம் வாரத்தில் அவளால் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. மூச்சு இரைத்தது. அந்த வாரம் நிலையமே ஊமையாகிக் கிடந்தது.

துவைக்கிற வேலை யாருக்கு என்ற பேச்சு வந்தது. இன்னோர் ஒப்பந்த ஆளைக் கேட்டு எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். சொன்னவர் யார் என்று இப்போது எவனும் ஒத்துக்கொள்வதில்லை. ஹக்கீம் தன் கோட்டைத் தானே எடுத்துக்கொண்டு, முகத்துக்குப் புகைக்கவசத்தை மாட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனான். மற்றவர்களும் பின்னால் போனார்கள். தன் கையால் அரைமணி நேரம் தேய்த்த கோட்டை அடுத்தவனுக்கு விட யாருக்கும் மனம் வரவில்லை. மணி அடித்தால் அவரவர் கோட்டைத் தேடினார்கள். அடுத்த வருஷம் கோப்பை பக்கத்து நிலையத்துக்குப் போய்விட்டது.

மருந்து முடிந்து தொண்ணூறு நாள் ஏழாம் நம்பர் கோட்டைத் தினம் ஒரு மணி நேரம் போட்டிருந்து மறுபடி மூக்குக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. முத்திரையை உடைத்து எடுத்துக் கொடுத்தோம். துளசிமணி தொலைபேசி அறையில் தீக்கோட்டோடு உட்கார்ந்து நிலையத்துச் சமையலுக்கு அவரை உரிப்பாள். பக்கத்தில் சென்னியப்பன் போன் எடுப்பான். எங்கே எரிகிறது, என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று நிதானமாகக் கேட்டுச் சொல்வான். மணியை அடித்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். முதலில் சில நாள் கால் தானாக எழுந்துவிடும். அப்போதெல்லாம் அவள் அவரைக்காய்த் தட்டை அவன் மடியில் வைத்துவிடுவாள்.

பச்சை எரிந்தது. மூக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து முழுக்கக் குணமான முதல் வீரர் என்று துறை கொண்டாடியது. நிலையத்துக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். மேலதிகாரி ஒருவர் வந்தார். சென்னியப்பனுக்குச் சால்வை போட்டுச் சான்றிதழ் கொடுத்தார். அவன் அதைக் கருவேப்பிலைக் கட்டைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டான். மற்ற நிலையங்களிலிருந்து வந்த நூறு பேர் கை தட்டினார்கள். கோமதி முதல் வரிசையில் பட்டுப்புடவையில் இருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்த பிறகு அவள் தேங்காய் எதுவும் உடைக்கவில்லை, துளசிமணிக்கு ஒரு வாரம் ரசம் வைத்து அனுப்பினாள்.

மேலதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, இப்போது நம் வீரரிடமே சில கேள்விகள் கேட்போம் என்றார்.

“திரும்பத் தீக்குப் போகணும்னு தோணுதா சென்னியப்பன்?”

“தோணுதுங்க. தினமும் தோணுதுங்க.”

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் சிரிக்கவில்லை.

“சரி, எல்லாரும் தெரிஞ்சுக்க விரும்பறது இதுதான். அந்த மருந்து எடுத்தா மூச்சே போயிடும்னு சில பேர் பயப்படறாங்க. நீங்க சொல்லுங்க, இப்ப மூச்சு எப்படி இருக்கு?”

அவன் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நூறு தலைகளுக்கும் மேலாகப் பந்தலின் கடைசிக் காலைப் பார்த்தான். துளசிமணி அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் நெஞ்சில் கையை வைத்து, ஒரு முறை முழுசாக இழுத்து விட்டுப் பார்த்தாள். அவசரப்படவில்லை. இன்னொரு முறையும் இழுத்தாள். பிறகு அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

“நல்லா வருதுங்கய்யா” என்றான் சென்னியப்பன்.